சிம்மை மாற்றலாம், எண்ணை?

தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக் கரையில் நிற்பவர்களின் செல்பேசிக்குச் சில நேரம் இலங்கைக்கு வரவேற்பு கூறும் குறுஞ்செய்தி வந்து விழும். கையில் பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. கால் இன்னும் இராமநாதபுரம் மாவட்டத்து மணலில்தான் இருக்கிறது. அங்கிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். ஜிஎஸ்எம் என்னும் செல்பேசி முறையில் ஒரு கோபுரத்தின் அலை வழக்கமாகப் போய்ச் சேரக்கூடிய எல்லை ஏறத்தாழ 35 கிலோமீட்டர்; நடுவில் இருப்பதோ மறைப்பு ஏதுமற்ற கடல். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் இது பழகிய விஷயம். ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கத்து மலேசிய சிக்னல் வீட்டுக்குள் வந்து போகும். அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. பில் போடும் கணினிக்கு நன்றாகவே தெரியும்.

வெளிநாட்டில் செல்பேசி பயன்படுத்துவது பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரை எல்லாம் விலையில் தொடங்கி விலையிலேயே முடிகிறது: ரோமிங் பேக் போடாதே, அந்த ஊர் சிம் வாங்கு, வைஃபை பிடி. தவறில்லை. ஆனால் விலைப் பிரச்சினை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. கரையாமல், வரவர இறுகிக்கொண்டே வருவது வேறொன்று. அந்த எண் எந்தப் போனோடு, எந்த அரசின் பதிவேட்டோடு, எந்த வங்கிக் கணக்கோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் இன்றைய சிக்கல். அவிழ்ப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு அட்டையை மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து மறுபடி கட்டிய கதை இது.

1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு முன்பு ஐரோப்பாவில் கார்ப் போன்கள் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் போன் பல அண்டை நாடுகளில் வெறும் பிளாஸ்டிக். எல்லாருக்கும் பொதுவான முறை ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்து ஜிஎஸ்எம்மைக் கொண்டுவந்தார்கள். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி அந்த முறையில் முதல் அழைப்பைச் செய்தார். அதே ஆண்டு மியூனிக்கைச் சேர்ந்த கீசெக்க & டெவ்ரியன்ட் என்ற அச்சு நிறுவனம் முதல் 300 சிம் அட்டைகளைப் பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு விற்றது. பணத்தாள் அச்சடிக்கும் நிறுவனம் அது, பொருத்தமான கைதான். முதல் சிம் ஏடிஎம் கார்டு அளவு இருந்தது. நோக்கம் எளிமையானது: சந்தாதாரர் வேறு, கருவி வேறு. அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போ, எந்த ஊரில் எந்தப் போன் கிடைத்தாலும் செருகு, அது உன் போன். 1992-ல் பின்லாந்துக்கும் பிரிட்டனின் வோடஃபோனுக்கும் இடையே முதல் ரோமிங் ஒப்பந்தம் வந்தது.

இந்தப் பிரிவினை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது இல்லாத இடங்களைப் பார்த்தால் புரியும். ஜப்பானும் கொரியாவும் தத்தம் வேறு முறைகளை வைத்திருந்ததால், 2000-களின் தொடக்கத்தில் அங்கே இறங்கியவர்கள் விமான நிலையத்தில் போனையே வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நம்மூரில் சிடிஎம்ஏ என்ற வேறு முறையில் ஓடிய ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் போன் வைத்திருந்தவர்களுக்கும் நினைவிருக்கும். எண் பெரும்பாலும் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. போன் கெட்டால் எண்ணைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும்.

ரோமிங் ஏன் அவ்வளவு விலை என்பதற்கு அதன் உள்வேலையே பதில். சென்னையில் வாங்கிய சிம் துபாயில் உயிர்பெற்றதும் பக்கத்துக் கோபுரத்திடம் தன் உள் எண்ணைச் சொல்கிறது. நாம் டயல் செய்யும் எண் அல்ல அது; வழக்கமாக 15 இலக்கம், முதல் மூன்றும் நாட்டைக் காட்டும். இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525, அமீரகத்துக்கு 424. துபாய் நெட்வொர்க் இந்தியாவுக்கு ஆளனுப்பிக் கேட்கிறது: இவர் உங்கள் வாடிக்கையாளரா, உள்ளே விடலாமா? சரி என்று பதில் வந்த பிறகுதான் திரையில் சிக்னல் கோடுகள். அதன்பின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒவ்வொரு எம்பிக்கும் துபாய் நிறுவனம் நம் நிறுவனத்துக்கு மொத்த விலையில் பில் அனுப்பும். நம் நிறுவனம் தன் லாபத்தை ஏற்றி நம்மிடம் வாங்கும். நாம் துபாய் நிறுவனத்தின் வாடிக்கையாளர் இல்லை என்பதால் அங்கே பேரம் பேச முடியாது. உள்ளூரிலோ ரோமிங் விலையைப் பார்த்து யாரும் சிம் தேர்ந்தெடுப்பதில்லை. போட்டியே இல்லாத சந்தை. விலை ஏன் குறையும்?

குறையவில்லை; குறைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் அழைப்புகளுக்கு உச்சவரம்பு விதித்தது. 2010-ல் ரோமிங் டேட்டா 50 யூரோவைத் தொட்டதும் தானாகத் துண்டிக்க வேண்டும் என்றது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த ஊர்க் கட்டணம்தான். இதில் கவனிக்க வேண்டியது சில்லறை விலை அல்ல, நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் மொத்த விலை. 2017-ல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ என்று வைத்த வரம்பு 2025-ல் 1.30 ஆகிவிட்டது, 2027-ல் ஒரு யூரோ. இத்தனைக்கும் எந்த நெட்வொர்க்கும் திவாலாகிவிடவில்லை. இதன் மறுபக்கச் சோதனையும் நடந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் சட்டக் கட்டாயம் போயிற்று. 2022-க்குள் வோடஃபோன், இஇ, த்ரீ மூன்றும் ஐரோப்பிய ரோமிங்குக்கு மறுபடி காசு கேட்க ஆரம்பித்தன. கோபுரங்கள் மாறவில்லை, கேபிள் மாறவில்லை.

ஐரோப்பா இதைச் செய்வதற்கு முன்பே ஆப்பிரிக்கா செய்து காட்டியது பலருக்குத் தெரியாது. சூடானில் பிறந்த மோ இப்ராஹிம் தொடங்கிய செல்டெல் நிறுவனம் 2006-ல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றையும் ஒரே நெட்வொர்க்காக அறிவித்தது. எல்லை தாண்டினாலும் உள்ளூர்க் கட்டணம், அந்த ஊர்க் கடையிலேயே டாப்-அப். அங்கே இதைச் சட்டம் செய்யவில்லை; ஒரே நிறுவனம் மூன்று நாட்டிலும் இருந்ததால் செய்ய முடிந்தது. தெற்காசியாவில் இந்த இரண்டு வழியும் நடக்கவில்லை. சென்னையிலிருந்து கொழும்பு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். கட்டணத்தைப் பார்த்தால் வேறு கண்டம்.

இருந்தாலும் இந்திய நிறுவனங்களின் ரோமிங் பேக்குகள் முன்பைவிட மிகவும் இறங்கிவிட்டன. 2025-ல் ஏர்டெல் 189 நாடுகளுக்குச் செல்லும் ஓராண்டு பேக்கை 4,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. நான்கு நாள் மாநாட்டுக்குப் போகிறவருக்கு இனி உள்ளூர் சிம்மைத் தேடி அலைவது வீண் வேலை என்றே சொல்வேன். ஒரு மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிக்குக் கணக்கு வேறு. இன்னும் பழைய விலையிலேயே நிற்பது கப்பலும் விமானமும்தான். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழி வரும் கப்பல் நெட்வொர்க் எந்த நாட்டுக்கும் சேராதது, அதன் குறியீடு 901. பேக்கில் அது அடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் போனைத் திறந்து வைத்தால் அதுபாட்டுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளைட் மோடு கப்பலுக்கும் உரியது.

உள்ளூர் சிம்மின் சுகம் ஊருக்கு ஊர் மாறும். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் வரிசையாக டயலாக், மொபிடெல், ஹட்ச் கவுன்டர்கள். பாஸ்போர்ட்டை நீட்டினால் சில நிமிடத்தில் அவர்களே செருகி, செயல்படுகிறதா என்று பார்த்துத் தந்துவிடுவார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நாணயம் மாற்றும் இடத்திலேயே கிடைக்கும். லண்டனில் பால் பாக்கெட் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டிலேயே சிம்மும் தொங்கும். பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஜப்பானில் பயணிகளுக்கான சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். பேசும் வசதியுள்ள எண் வேண்டுமென்றால் அடையாளச் சான்று, முகவரி எனச் சட்டம் குறுக்கே நிற்கும். உணவகத்துக்குப் போன் செய்து இடம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் அங்கேதான் திகைப்பார்கள்.

ஒரு காலத்தில் பெயர் கேட்காத லண்டன் நிலைமைதான் பல நாடுகளில் இருந்தது. மாற்றியது பெரும்பாலும் பயம். 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளில் ப்ரீபெய்டு சிம் பொருத்திய போன்கள் பயன்பட்டன; 2007-ல் ஸ்பெயின் எல்லா ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் பாஸ்போர்ட் காட்டாமல் சிம் உயிர்பெறாது. அதே ஆண்டு டிசம்பரில் தாய்லாந்து முகம் அல்லது விரல்ரேகையைக் கேட்கத் தொடங்கியது. சீனா 2019 டிசம்பரில் முகப்பதிவைக் கட்டாயமாக்கியது. குற்றம் இதனால் குறைந்ததா என்பது தனி விவாதம். பிறர் பெயரில் பதிந்த சிம்முக்கென்று ஒரு கள்ளச்சந்தை பிறந்தது மட்டும் நிச்சயம். தெருவோரத்தில், பதிவே வேண்டாம், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆனது என்று யாராவது நீட்டினால் அது யாரோ ஒருவரின் பெயர்.

விருந்தினரை அலையவிடுவதில் இந்தியாவும் சளைத்ததல்ல. பாஸ்போர்ட், விசா, புகைப்படம், பல நேரம் உள்ளூர் முகவரி. பிறகு ஆக்டிவேஷனுக்குக் காத்திருப்பு. 2017-ல் இ-விசாவில் வருகிறவர்களுக்கு விமான நிலையத்திலேயே 50 ரூபாய் பேச்சு, 50 எம்பி டேட்டாவோடு பிஎஸ்என்எல் சிம் இலவசமாகத் தரப்பட்டது. நல்ல யோசனை, ஆனால் நிலைக்கவில்லை. சென்னைக்குச் சிகிச்சைக்கோ கல்யாணச் சேலை எடுக்கவோ யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் சொந்தக்காரர் பெயரில் சிம் வாங்கிப் போடுவது வெகுநாள் வழக்கம். அந்த எண்ணால் ஏதாவது வம்பு வந்தால் காவல்துறை கதவைத் தட்டுவது அந்தச் சொந்தக்காரர் வீட்டில்தான். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புக்கு மேல் கூடாது என்ற வரம்பு வேறு உண்டு. நாட்டுக்குள்ளேயே கூட ஒரு வெளிநாடு இருக்கிறது: மற்ற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது, போஸ்ட்பெய்டு மட்டுமே.

ஆளைப் பதிவேட்டில் கட்டியவர்கள் கருவியையும் விடவில்லை. இதில் முதல் கட்டு நிறுவனங்கள் போட்டது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய ஐபோனில் நம்மூர் சிம் வேலை செய்யாமல் பர்மா பஜாருக்கு எடுத்துக்கொண்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை! தவணையில் விற்ற போனைத் தன் சிம்முக்கு மட்டும் பூட்டி வைக்கும் பழக்கம் அது. கனடா 2017-லும் பிரிட்டன் 2021-லும் பூட்டிய போன் விற்பதைத் தடை செய்தன. நிறுவனங்கள் பூட்டைக் கழற்றிய காலத்தில் அரசுகள் வேறு பூட்டைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு; *#06# அழுத்தினால் தெரியும். துருக்கியில் வெளிநாட்டுப் போனில் அந்நாட்டு சிம் போட்டால் 120 நாள் ஓடும். அதற்குமேல் வரி கட்டிப் பதியாவிட்டால் போன் முடக்கப்படும். 2023-ல் அந்த வரி 20,000 லிரா. பாகிஸ்தானும் இந்தோனேசியாவும் இதே வழியில். சுற்றுலாப் பயணிக்கு இது பொருட்டில்லை. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர் போன் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய போன் வைத்திருப்பவருக்கு வேறொரு தடை. அமெரிக்காவில் 2022-க்குள் 3ஜி மூடப்பட்டது. மலேசியாவில் 2021 இறுதியில். சிங்கப்பூரில் 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் போயின. நம்மூரில் நன்றாக ஓடும் 2ஜி பட்டன் போன் சாங்கியில் சிக்னலே இல்லாமல் நிற்கும். அமெரிக்காவில் சில 4ஜி போன்கள்கூட, அந்த நெட்வொர்க்கின் அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டால், டேட்டா ஓடினாலும் அழைப்பை எடுக்காது. அம்மாவைப் போகவிடும் முன் பார்க்க வேண்டியது பேக்கை அல்ல, போனை.

இந்தக் கட்டுகளையெல்லாம் தாண்டிக் குதிக்கும் வழியாக வந்தது இ-சிம். 2016-ல் விதிமுறை, 2018-ல் ஐபோனில், 2022-ல் அமெரிக்க ஐபோனில் சிம் தட்டே இல்லை; 2025-ல் ஐபோன் 17 அமீரகம், சவுதி, கத்தார், ஜப்பான் உள்ளிட்ட நாடுகளிலும் தட்டில்லாமலே வந்தது. கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தால் போதும். விமானத்தில் தோட்டைக் கழற்றி அதன் முனையால் சிம் தட்டைத் திறந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இணையத்தில் விற்கும் பயண இ-சிம்களில் பல உண்மையில் உள்ளூர் சிம் அல்ல. மூன்றாவது ஒரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் சிம். பாங்காக்கில் உட்கார்ந்து தேடினால் கூகுள் நம்மைப் போலந்தில் இருப்பதாக நினைக்கும். 2025-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, பயணிக்குச் சொல்லாமலே அவர் டேட்டா வேறு நாடுகளின் நெட்வொர்க்குகள் வழியாகப் போவதைப் பதிவு செய்தார்கள்.

இதே சுற்றுவழி சிலருக்கு வரம். ரோமிங்கில் டேட்டா வழக்கமாகச் சொந்த நாட்டுக்குப் போய்த்தான் இணையத்தில் கலக்கும். ஆகவே சீனாவில் உள்ளூர் சிம் போட்டால் கூகுள் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. ஹாங்காங் சிம்மில் ரோமிங் போனால் இரண்டும் வரும். அரசுகளுக்கு இது பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. 2024 ஜனவரியில் இந்தியா பயண இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்லை செயலிகளை ஆப் கடைகளிலிருந்து எடுக்க வைத்தது. 2025 ஜூலையில் துருக்கி இப்படிப்பட்ட பல விற்பனைத் தளங்களை முடக்கியது. துருக்கி போகிறவர் கிளம்பும் முன்பே வாங்கிப் பதிந்துகொள்வதே வழி.

இனி எண்ணுக்கு வருவோம். உள்ளூர் சிம்மைப் போட்டதும் டேட்டா மலிவாகிவிடும்; அந்த நிமிடமே வங்கி நம்மை மறந்துவிடும். இணையத்தில் கார்டு பயன்படுத்தக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் கட்டாயமாக்கியது. அது நடைமுறையில் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி ஆயிற்று. இந்திய சிம் பர்ஸில் காகிதத்தில் மடித்துக் கிடக்க, திரும்பி வர டிக்கெட் போட முடியாமல் ஊரில் இருக்கும் தம்பிக்கு போன் செய்யும் நிலை இதனால்தான். இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் கிளம்பும் முன் ரோமிங்கைச் செயல்படுத்தியிருக்க வேண்டும், வேலிடிட்டி இருக்க வேண்டும். இரட்டை சிம் போனில் இந்திய எண்ணைக் குறுஞ்செய்திக்கு மட்டும் விட்டு, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்து, இணையத்தை உள்ளூர் சிம்முக்கோ இ-சிம்முக்கோ திருப்பிவிடுவதுதான் இப்போதைக்குச் சிறந்த ஏற்பாடு.

பத்து நாள் பயணிக்கு இது சில்லறைத் தொல்லை. ஷார்ஜாவிலும் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதியிலும் இருப்பவருக்கு இரண்டாண்டு வேலை. 90 நாள் பயன்பாடு இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் துண்டிக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2013-ல் விதி செய்தது. ஆனாலும் ஓடிபி வர வேண்டுமானால் மாதாமாதம் வேலிடிட்டி ரீசார்ஜ் போட்டாக வேண்டும். பேசாத எண்ணுக்கு ஊரிலிருந்து மனைவி ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார், அது பேங்க் எண் என்பதால். தவறவிட்டால், துண்டித்து 90 நாளுக்குப் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். முன்னவரின் வங்கிச் செய்தி புதியவருக்கு வரும். 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அமீரகம், சிங்கப்பூர், சவுதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட பத்து நாட்டு எண்களில் யுபிஐ அனுமதித்தது, வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு. மலேசியா அந்த முதல் பத்தில் இருக்கவில்லை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய நெறிமுறை ஓடிபிக்கு மாற்று வழிகளை வங்கிகள் தேடத் தூண்டுகிறது, ஓடிபியை ஒழிக்கவில்லை.

இத்தனை நாளும் பயணிக்கு ஒரு சலுகையாக இருந்தது வாட்ஸ்அப். சிம்மைக் கழற்றினாலும் பழைய எண்ணிலேயே ஓடும். எண் மாறிவிட்டது என்று சொல்லி நூறு பேருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடை இருந்தாலும் எழுத்துக்கு இல்லை. 2025 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இதிலும் கை வைத்தது: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் அந்தப் போனுக்குள் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காரணமாகக் காட்டியது வெளிநாட்டில் உட்கார்ந்து இந்திய எண்ணில் ஏமாற்றும் கும்பல்களை. அது பொய்யல்ல. ரோமிங்கில் இருப்பவருக்குப் பாதிப்பில்லை, சிம் போனில் இருந்தால் போதும் என்பது துறையின் விளக்கம். ஆனால் இந்த உத்தரவு அப்படியே அமலானால், ஒற்றை சிம் போனில் எதிசலாத் சிம்மைப் போட்டு, இந்திய சிம்மைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பவர் வீட்டோடு பேசும் அந்த எண்ணை இழக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சிம் போடும் போன் ஒன்றை வாங்க வேண்டும்.